மூச்சடக்கிச் சாமியின் மச்சான்

முத்தையாபுரத்தில் ஒரு பெண் ஆர்டர் எடுத்துச் சாமி செய்து கொடுக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மண்ணிலோ கல்லிலோ அல்ல. பெயர், பிறப்பு, குணம், கோபம், சாப்பாடு எல்லாம் வைத்து முழுச் சாமி. ஒரு சாமிக்குப் பத்து நாள். துறைமுகச் சாலை டீக்கடையில் நான் கேட்டபோது இவ்வளவுதான் இருந்தது. அதே பேச்சு ஊரைச் சுற்றிவிட்டு மறுவாரம் திரும்பியபோது நன்றாகச் சதை போட்டிருந்தது. அந்தப் பெண் செய்த சாமிகளில் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து, பவுல் என்கிற உப்பு லாரி டிரைவரைப் பிடித்துக்கொண்டதாம். அன்றிலிருந்து அவர் முத்தையாபுரம் எடை மேடைப் பக்கமே வண்டியை விடுவதில்லையாம். நான்கு கிலோமீட்டர் சுற்றி வேறொரு எடை மேடைக்குப் போகிறாராம்.

முதல் பாதியை நான் நம்பவில்லை. இரண்டாம் பாதியை உடனே நம்பினேன். டீசல் விற்கிற விலையில் எந்த லாரி டிரைவரும் நான்கு கிலோமீட்டர் சும்மா சுற்றமாட்டார். சாமியோ பூதமோ, ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். போய்ப் பார்த்தேன்.

எடை மேடை என்பது தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு பெரிய இரும்புத் தட்டு. லாரி முதலில் காலியாக ஏறி நிற்கும், பிறகு உப்போடு வந்து ஏறி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் அடித்துக் கொடுப்பதற்குப் பக்கத்தில் ஒரு அறை. அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, பொன்செல்வி. வயது நாற்பத்தொன்று. பிறந்தது ஏரல் பக்கம் ஒரு வயல்காட்டு ஊர். கணவர் பொன்னுதுரை அதே உப்புக் கம்பெனியில் லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. பொன்செல்வி ஒன்பது வருடமாக இந்த ஜன்னலில் இருக்கிறார். எவன் வண்டியில் தண்ணீர் டிரம்மை ஒளித்து வைத்து எடை கூட்டுகிறான் என்பதை எஞ்சின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம்.

"சாமி செய்வது நீங்கள்தானா?" என்று கேட்டேன்.

"செய்யல அண்ணாச்சி. எழுதுதேன். வாரதும் வராததும் அவிய பாடு."

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி போனில் விளையாடும் விளையாட்டு ஒன்றைத் தயாரித்திருக்கிறது. 'கடலடி ராஜ்ஜியம்' என்று பெயர். கடலில் முங்கிப்போன இருபத்தொரு தீவுகள், தீவுக்குத் தீவு சண்டை. விளையாடுகிறவனுக்கு ஆபத்து வந்தால் ஒரு தெய்வத்தை அழைக்கலாம். அது வந்து அவனுக்காகச் சண்டை போடும். அந்தத் தெய்வங்கள் யார், எங்கிருந்து வருகின்றன, அழைத்தால் ஏன் வருகின்றன என்று எழுதித்தர ஆள் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பொன்செல்வி அதைப் பார்த்துவிட்டு, தன் ஊர் வாய்க்கால் கரையில் இருக்கும் ஒரு காவல் சாமியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். வேலை கிடைத்துவிட்டது. ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளியில்தான் எழுத்து. உப்பு ஓடாத மழை நாட்களில் சாமிகள் வேகமாகப் பிறந்தன.

கம்பெனி முதலில் அனுப்பிய பட்டியல் இன்னும் அவரிடம் இருக்கிறது. 'அக்கினி வீரன். சக்தி எண்பது. வேகம் அறுபது. பலவீனம் தண்ணீர்.' கூடவே ஒரு படம். ஜிம்முக்குப் போகும் சாமி. கம்பெனியில் இதற்குப் பொறுப்பானவர் சரண்யாதேவி என்கிற பெண். பொன்செல்வி அவருக்குப் போன் போட்டார்.

"இவரு எப்படிம்மா செத்தாரு?"

"கடவுள் எப்படி மேடம் சாவாரு?"

"சாகாம எப்படிம்மா சாமி ஆவாரு?"



பொன்செல்விக்கு இதில் சந்தேகமே கிடையாது. "வாழ்ந்து முடிச்சுப் போனவிய செவத்துல போட்டோ ஆயிருவாவ அண்ணாச்சி. முடிக்காமப் போனவியதான் சாமி. அவியளுக்கு மிச்சம் ஒண்ணு கெடக்கு. அதனாலதான் கூப்பிட்டா வாராவ. நம்ம மேல உள்ள பாசத்துலயா வாராவ?"

ஆகவே அவருடைய தெய்வங்கள் பொத்தானை அமுக்கினால் வருவதில்லை. கதையைச் சொல்லவேண்டும். பிறந்ததைச் சொல்லி, வாழ்ந்ததைச் சொல்லி, அநியாயம் நடந்த இடத்துக்கு வரும்போது அது எழுந்து வரும். பாதிக் கதையைத் தள்ளிவிட்டு அழைத்தால், வரும். வந்து அழைத்தவனையே இரண்டு சாத்து சாத்திவிட்டுப் போகும். கம்பெனி இதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் எவன் கதை கேட்பான் என்றார்கள். சோதித்துப் பார்த்த பையன்களோ, அடி வாங்குவதற்காகவே மறுபடி மறுபடி தப்பாக அழைத்தார்கள். கம்பெனி ஒப்புக்கொண்டது.

சண்டை முடிந்ததும் சாமி நிற்கும். என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும். ஒன்று சுருட்டுக் கேட்கும். ஒன்று அவித்த முட்டை கேட்கும். கிணற்றில் விழுந்த ஒரு கன்னிச் சாமி, தலையைச் சிக்கெடுத்துவிட்டால் போதும் என்று உட்கார்ந்துகொள்ளும். கொடுத்துவிட்டு, மலையேறு என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பவேண்டும். முதல் தடவை பொன்செல்வி எழுதியதில் அனுப்பிவைக்கும் பகுதியை மட்டும் கம்பெனி வெட்டிவிட்டது.

"பிறகு என்ன ஆயிற்று?"

"என்ன ஆவும்? வந்த சாமியெல்லாம் போவல. ஒருத்தன் வீட்ல பதினாலு சாமி நிக்கி. இவன் உள்ள போக எடமில்லாம வாசல்ல நிக்கான். அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு எனக்கு மொதல் தடவையா அக்கான்னு கூப்பிட்டு மெசேஜ் போட்டா."

இப்படிப் பதினெட்டுச் சாமிகள் ஒரு குறையுமில்லாமல் பிறந்தார்கள். பத்தொன்பதாவதுதான் பவுலின் லாரியைச் சுற்றவிட்டது.

பத்தொன்பதாவது கடல் சாமியாக இருக்கவேண்டும் என்று கம்பெனி கேட்டது. பொன்செல்விக்குக் கடல் தெரியாது. இருபது வருடமாகக் கடலுக்கு ஒரு மைல் தள்ளிக் குடியிருக்கிறார். கால் நனைத்தது நான்கு முறை. யோசித்துப் பார்த்தபோது பிரைட்டன் ஞாபகம் வந்தது. பெரியதாழைக்காரர், கல்யாணமாகாதவர், முத்தையாபுரத்தில் பொன்செல்வி வீட்டுக்கு அடுத்த அறையில் வாடகைக்கு இருந்தவர். சங்கு குளிக்கப் போவார். குழாய் வைத்துக் காற்று இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று மூச்சடக்கித்தான் இறங்குவார். தெருக்குழாயில் ஒரு குடம் நிறைகிற வரை மூச்சுவிடாமல் நின்று பந்தயம் ஜெயிப்பார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கடலுக்குள் இறங்கினார். மேலே வரவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். உடம்பும் கிடைக்கவில்லை.

சாமியாவதற்கு இவரைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது? பொன்செல்வி எழுதினார்: மூச்சடக்கி என்றொரு குளியாள். ஆழத்தில் இருக்கும்போது, படகில் கயிறு பிடித்திருந்தவன் கயிற்றை விட்டுவிட்டான். அன்றிலிருந்து அடியிலேயே மூச்சடக்கிக் கிடக்கிறான். நாற்பது எண்ணும் வரை திரையைத் தொடாமல் காத்திருந்தால், அந்தக் கடைசி மூச்சோடு எழுந்து வருவான்.

"கயிற்றை விட்டதாக எதற்கு எழுதினீர்கள்?"

"சாமின்னா ஒரு அநியாயம் வேணும்லா அண்ணாச்சி. படகுல வேற யாரு இருக்கா? கயிறு பிடிக்கிறவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் தலையில போட்டேன்."

இங்கேதான் வயல்காட்டுப் பெண் கடற்கரையில் கால் வழுக்கி விழுந்தார். ஏரல் பக்கத்தில் கயிறு என்றால் மாட்டுக்குக் கட்டுவது, கிணற்றில் விடுவது. பிடிக்கிறவன் யாராகவும் இருக்கலாம். பரதவர் தெருக்களில் அப்படி இல்லை. முத்துக் குளித்த காலத்திலிருந்தே, தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும். தன் தங்கையின் தாலி அந்த நுனியில் தொங்குகிறது என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை என்பதுதான் ஏற்பாடு. தங்கை இல்லையென்றால் முறைக்கு மச்சான். முத்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சங்குக்கும் அதே வழக்கம்தான்.

ஆகவே பொன்செல்வி 'கயிறு பிடித்தவன்' என்று எழுதியதை, கடற்கரைப் பையன்கள் 'மச்சான்' என்றுதான் படித்தார்கள். சமீபத்தில் இந்தப் பக்கம் மூச்சடக்கி இறங்கிக் காணாமல் போனவர் ஒருவர்தான். அவருக்கு அன்று கயிறு பிடித்தவர் அவருடைய தாய்மாமன் மகன். பெயர் பவுல்.

மூச்சடக்கிச் சாமி பிய்த்துக்கொண்டு போனது. இருப்பதிலேயே அதிகம் அழைக்கப்படும் தெய்வம் அதுதான் என்று சென்னையில் கேக் வெட்டினார்கள். இங்கே டீக்கடையில் பவுல் கிளாஸை எடுத்தால், "அண்ணே, லோடு கட்டக் கயிறு வேணுமா?" என்று ஒருத்தன் கேட்டான். "அவருகிட்ட கயிறு குடுக்காதல, விட்டுருவாரு" என்று இன்னொருத்தன் பதில் சொன்னான். பவுல் டீயைக் குடித்து முடித்தார். மறுநாளிலிருந்து வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

"நான் ஒரு பேரும் எழுதல அண்ணாச்சி," என்றார் பொன்செல்வி. சீட்டு அடிக்கும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமிக்கு ஒரு கத வேணுமேன்னு எழுதுனேன். உயிரோட இருக்க மனுசன் மேல போயி விழுந்துட்டு. அழிச்சிருங்கன்னு சென்னைக்குச் சொல்லிப் பார்த்துட்டேன். டேட்டா ரொம்ப நல்லா இருக்குக்கா, கை வைக்க முடியாதுங்கா அந்தப் பொண்ணு."

பவுலைப் பார்க்க, சுற்றுவழியில் இருக்கிற அந்த எடை மேடைக்குப் போனேன். வரிசையில் நின்ற வண்டியில் இருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, பையில் பேனா; ஸ்டியரிங் இல்லாவிட்டால் வாத்தியார் என்று நினைக்கலாம். எப்படிக் கேட்பது என்று நான் விழித்தபோது, அவரே கேட்டார்.

"விட்டியான்னு கேக்கத்தான வந்திய?"

"ஆமாம்."

"விடல." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்துக்கொண்டு, "விடலன்னுதான் நெனைக்கேன். கயிறு கையிலதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் ஆள் இருந்தா கையில ஒரு வெயிட்டு தெரியும். இருந்துச்சு. பெறவு பார்த்தா இல்ல. வெறுங்கயிறு வருது. நடுவுல நான் ஒரு பீடி பத்த வச்சேன் அண்ணாச்சி. அந்த நேரம் ஒரு கைதான் கயித்துல. அதுலதான் போயிட்டானோ என்னமோ."

அதன்பிறகு அவர் படகில் ஏறவில்லை. லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். பீடியையும் விட்டுவிட்டார்.

"பொய்யா எழுதியிருக்கான்னு சண்டைக்குப் போயிருப்பேன். பொய்யின்னு எனக்கே தெரியாதுலா. தெரியாம எப்படிப் போயிச் சண்ட போட?"

வரிசை நகர்ந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்திரிகையில் நான் எழுதும் பத்திக்கு வதந்தி பொய்யாக இருந்தாலும் லாபம், மெய்யாக இருந்தாலும் லாபம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பொன்செல்வியிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வாங்க. சாமி புகார் குடுத்திருக்கு."

போனேன். விளையாடுகிறவர்கள் போடும் குறைகளைக் கம்பெனி மாதாமாதம் பட்டியலாக அனுப்புமாம். இருநூற்றுச் சொச்சம் குறைகள். போன் சூடாகிறது. விளம்பரம் தொல்லை. கன்னிச் சாமிக்கு எத்தனை முறைதான் சிக்கெடுப்பது. நடுவில், ஒற்றை நட்சத்திரம் போட்டு இப்படி இருந்தது: 'மூச்சடக்கி கதை தப்பு. மச்சான் கயிறை விடவில்லை. நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். உடனே திருத்தவும்.' கீழே 'பி., விழிஞ்சம்'. அதற்குப் பக்கத்தில் கம்பெனியின் குறிப்பு: 'கதைப் பிழை. அவசரமில்லை.'

"நான்னு எழுதியிருக்கு பாருங்க," என்றார் பொன்செல்வி. மானிட்டரில் விரலை வைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் தொட்டுக் காட்டினார்.

சரண்யாதேவி உருப்படியாக ஒரு காரியம் செய்தார். விளையாட்டில் செலவழிக்க ஆயிரம் முத்துப் பரிசு விழுந்திருக்கிறது, தொடர்பு எண் அனுப்பவும் என்று அந்த ஆளுக்குச் செய்தி போட்டார். பதினோரு வருடம் யார் கண்ணிலும் படாதவர், ஆயிரம் பொய் முத்துக்கு ஐந்தே நிமிடத்தில் நம்பரை அனுப்பிவிட்டார்.

பொன்செல்வி அந்த நம்பரை அழைக்கவில்லை. "நான் கூப்பிட்டா மொற இல்ல. கூப்பிட வேண்டிய ஆளு ஒருத்தருதான்" என்று பொன்னுதுரையை அனுப்பிப் பவுலை வரச்சொன்னார்.

அன்று காலை பதினோரு மணிக்கு, இரண்டு மாதத்துக்குப் பிறகு, பவுலின் காலி லாரி அந்த இரும்புத் தட்டில் ஏறி நின்றது. பொன்செல்வி பழக்கதோஷத்தில் முதலில் எடையைக் குறித்துக்கொண்டார். பவுல் இறங்கி ஜன்னலுக்கு வந்ததும் பட்டியலை நீட்டினார். பவுல் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பொன்செல்வியின் போனை வாங்கி, நம்பரை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டார். ஜன்னல் கம்பியை மற்றொரு கை பிடித்திருந்தது.

"ஹலோ, ஐஸ் பிளாண்ட்," என்றது அந்தப் பக்கம். பின்னால் இயந்திரம் ஓடும் இரைச்சல்.

பவுல் போனை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோனார்.

"ஐஸ் வேணும்னா சாயங்காலம் கூப்பிடுங்க. இப்ப லோடு ஓடுது."

"ஏல."

"யாரு? இரி, இரி. இந்தக் காது கேக்காது. மாத்துதேன். இப்பச் சொல்லு."

"ஏலே பிரைட்டா."



"மச்சானா?"

"உயிரோடயால இருக்க?"

"இருக்கேன்."

"இருந்துக்கிட்டால இத்தன வருசம்?"

அதற்குப் பிறகு பிரைட்டன் சொன்னது ஒரே மூச்சில் வந்தது. பாறை இடுக்கில் ஒரு பெரிய சங்கைப் பார்த்திருக்கிறார். கயிறு இரண்டு ஆள் நீளம் எட்டவில்லை. அவிழ்த்து, எடுத்து, மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நீரோட்டம் இழுத்துவிட்டது. காது உடைந்து, தலை சுற்றி, எங்கேயோ மேலே வந்து மிதந்தவரை கேரளப் பக்கத்து விழிஞ்சம் படகு ஒன்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"பெறவு எப்படி மச்சான் வருவேன்? நீ பிடிச்சிருக்கும்போது நான் அவுத்துட்டேன். அத உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? செத்தே கெடப்போம்னு இருந்துட்டேன்."

"நான் பீடி பத்த வச்சேன்ல."

"என்னது?"

"பீடி. அப்ப நான் பீடி பத்த வச்சேன்." பவுல் குரலை உயர்த்தினார். எடை மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"பத்த வச்சா என்ன? அவுக்கதுக்கு முன்ன ஒருக்கா இழுத்துப் பாத்தேம்லா. நீ திருப்பி இழுத்த. மச்சான் முழிச்சிருக்கான்னு தைரியத்துலதான அவுத்தேன்."

பவுல் அப்படியே ஜன்னலுக்குக் கீழே, இரும்புத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். திரையில் லாரியின் எடையோடு எழுபது கிலோ கூடியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பொன்செல்வி வெளியே தலையை நீட்டி, "அடிக்காதிய. கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரன்கள் நின்றன.

"சங்காவது எடுத்தியால?" என்று பவுல் கேட்டார்.

"இல்ல. வெறும் ஓடு. உள்ள நண்டு இருந்துச்சு."

பவுல் சிரித்தார். அவருக்கு முன்வரிசையில் இரண்டு பல் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பொன்செல்வி போனை வாங்கி மன்னிப்புக் கேட்டார். பிரைட்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு சங்கடம். "பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ தெரியல தங்கச்சி. ஐஸ் பிளாண்ட்ல சும்மா இருக்க நேரம் நாப்பது அம்பது தடவ என்னய நானே அழைச்சிருக்கேன்."

"வந்தாவளா?"

"வராம? என்னா அடி அடிக்காரு. எனக்குத்தான் முட்டு வலி."

கதையைத் திருத்துவதற்குச் சென்னையோடு அடுத்த சண்டை. "இவரு சாகலம்மா" என்று பொன்செல்வி சொன்னதும், சரண்யாதேவி, "சாகணும்னு சொன்னதே நீங்கதானேக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொன்செல்வி இரண்டு லாரி நேரம் யோசித்தார். "மிச்சம் இருந்தாப் போதும்மா. செத்துத்தான் ஆவணும்னு இல்ல" என்று தம் வேதத்தில் திருத்தம் செய்தார். புதுக் கதையில் மூச்சடக்கி தானே முடிச்சை அவிழ்க்கிறார். வெட்கத்தில் அடியிலேயே கிடக்கிறார். நாற்பது எண்ணினால் எழுந்து வருவார். வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். மச்சான் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். இப்போது தெருவுக்குத் தெரு பையன்கள் போனைப் பார்த்து மச்சான் மச்சான் என்று கத்திக்கொண்டிருப்பது இதனால்தான். வேறு காரணம் கற்பித்து யாரும் பயப்படவேண்டாம்.

பவுல் பழைய வழிக்கே வந்துவிட்டார். டீக்கடையில் கயிறு வேணுமா என்று கேட்டவன், அவரைக் கண்டதும் எழுந்து பெஞ்சில் இடம் விடுகிறான். அவர் அதில் உட்கார்ந்து தாராளமாகக் கால் நீட்டுகிறார்.

ஒரே ஒரு வழக்குதான் தீரவில்லை. இறந்தவர்களுக்காக வரும் ஆத்துமாக்கள் திருநாள் தோறும் பவுல் பெரியதாழைக் கோயிலில் பிரைட்டன் ஆத்துமாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்து வந்திருக்கிறார். மொத்தம் பதினொன்று. ஆள் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகு அது அவருக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

"அது வீணாப் போவாது மச்சான். நான் செத்ததும் கழிச்சிக்கிடலாம்," என்றார் பிரைட்டன்.

"அதெல்லாம் கழிக்க முடியாது. எங்க அப்பா ஆத்துமாவுக்கு நீ திருப்பிக் குடு."

"மாமா போயிட்டாவளா?"

"நாலு வருசமாச்சு."

பிரைட்டனுக்கு அது தெரியாது. அன்று அதோடு போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, பதினொன்றையும் விழிஞ்சத்துக் கோயிலில் கொடுத்துவிடுகிறேன் என்றார். பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. விழிஞ்சத்துப் பூசை செல்லாது. பெரியதாழைக்கு வந்து, முதல் பெஞ்சில், பவுலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கொடுக்கவேண்டும். ஐஸ் சீசன் முடியட்டும் என்று பிரைட்டன் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐஸுக்கு ஏது சீசன் என்று பவுல் தினமும் போன் போட்டுக் கேட்கிறார். இதை எழுதுகிற நாள்வரை பதினொன்றும் பாக்கி.